பதினெட்டு மில்லிமீட்டர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் என்னை ‘ஸ்கேல் அம்மா’ என்பார்கள், அதுவும் என் காதுபடவே. அரை மில்லிமீட்டர் தவறினாலும் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

வேலை இதுதான். கிருமி கலந்த ஜெல்லியைத் தட்டில் ஊற்றி உறைய விடுவோம். அதில் குழிகள் போட்டு, சிலவற்றில் தரம் தெரிந்த மருந்து, மற்றவற்றில் சோதனைக்கு வந்த மருந்து. மறுநாள் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் தெரியும். வட்டம் சிறுத்தால் மருந்துக்கு வீரியம் போதாது.

குழந்தைகளுக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஒரு பவுடர் மருந்துக்குப் பதினெட்டு மில்லிமீட்டர்தான் வந்தது. தரமானதற்கு இருபத்திரண்டு. தேறாது என்று எழுதி, இருப்பு முழுவதையும் நிறுத்திவைத்தேன்.

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு என் தம்பி பொறுப்பு. அன்று மாலையே போன் செய்தான்.

“அக்கா, இன்னொரு பாட்டில் வெச்சிருக்கல்ல, ஒரு தடவ மறுபடி பாரேன். புதுச் சரக்கு வர பத்து நாளாகும். இங்க ஒரு சின்னப் பொண்ணுக்குக் காதுல சீழ். வெளிய வாங்கவும் அவ அம்மாவுக்கு வழியில்ல.”

“நீ என் தம்பிங்கறதுக்காக வட்டம் பெரிசாயிடுமா?”

“சரி விடு. நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தான்.”

மறுசோதனைக்கு ஒரு நாள் போதும். வீம்புக்குச் செய்யாமல் விட்டேன், பாவி.

பன்னிரண்டாம் நாள் நோட்டைச் சரிபார்த்தபோதுதான் கவனித்தேன். அந்தப் பாட்டிலில் நான் தண்ணீர் கலந்தது வெள்ளிக்கிழமை, வேறொரு சோதனைக்காக. குழியில் ஊற்றியது திங்கட்கிழமை. கலந்த மருந்து ஃபிரிட்ஜில் இருக்க வேண்டியது. பூட்டிய அறையின் வெக்கையில் என் மேஜைமேல் கிடந்திருக்கிறது. மருந்தைக் கெடுத்தவளே நான்தான். இரண்டாவது பாட்டிலை அன்றே கலந்து பார்த்தேன். மறுநாள் இருபத்திரண்டு.

மேலதிகாரிக்கு என் தவறை எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டியிருந்தால் தேவலை.

“அந்தப் பொண்ணு எப்படிடா இருக்கா?”

“சீழ் எலும்பு வரைக்கும் போயி ஆபரேஷன் ஆச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல. அந்தக் காது மட்டும் இனிமே கேக்காதுன்னுட்டாங்க.”

அவனே தொடர்ந்தான்.

“அந்தம்மா தெனம் கிடங்கு வாசல்ல வந்து நின்னு, இருக்கறதையாவது குடுங்கன்னு கேட்டாங்க. என் அக்காவே சோதிச்சது, அது வேணாம்மான்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். நேத்து வந்தாங்க. கெட்ட மருந்தக் குடுத்து என் புள்ளயக் கொல்லாம விட்டீங்க, உங்க அக்கா நல்லா இருக்கட்டும்னு கும்பிட்டுட்டுப் போறாங்கக்கா.”