எண்ணுக்கு முன்னால் ஒரு எக்ஸ்

மருந்துக்கடைக்காரர் ஹாஸ்கெல் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா கெண்ட்ரா, எண்ணுக்கு முன்னால எக்ஸ் போட்டிருக்கே. அடிச்சு விட்ட எண்ணுதானே இது?"

"அடிச்சதில்ல சார். அந்த எக்ஸ்தான் அனுமதியே. போதைய விட வைக்கிற மருந்து எழுதுறவங்களுக்கு அப்படித்தான் எண்ணு தருவாங்க."

"டாக்டருங்களுக்கு."

"இப்போ மருந்து எழுதுற நர்ஸுக்கும்."

கெண்ட்ராவுக்குக் காதுவரை சூடேறியது. மேற்கு வர்ஜீனியாவின் இந்தச் சுரங்க ஊரில் வலி மாத்திரையை மூட்டை மூட்டையாக எழுதித் தள்ளினார்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டுமென்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதிலிருந்து ஆளை மீட்கிற மருந்துக்கு மட்டும் ஆயிரம் கேள்வி. போன வருஷம்வரை அதை டாக்டர்கள்தான் எழுதலாம். அப்படி எழுதுகிற ஒரே டாக்டர் இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருந்தார். அவரைப் பார்க்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். சட்டம் மாறியதும் கெண்ட்ரா இருபத்து நான்கு மணி நேரப் பயிற்சியை முடித்து, வாஷிங்டனிலிருந்து கடிதம் வாங்கி, இன்று காலைதான் தன் முதல் சீட்டை எழுதியிருந்தாள்.

அந்தச் சீட்டுக்கு உரியவன் ஜன்னலோர நாற்காலியில் சுருண்டு கிடந்தான். லைல் எஸ்டெப். பள்ளியில் அவளுக்குப் பின் பெஞ்சு. சுரங்கக் கூரை சரிந்து முதுகு போனது. முதுகுக்குக் கொடுத்த மாத்திரையில் மீதியும் போனது. இந்த மருந்தின் முதல் வேளையை, உடம்பில் பழைய சரக்கு தீர்ந்து நடுங்க ஆரம்பித்த பிறகுதான் தர வேண்டும். நேற்றிலிருந்து அவனை எதையும் தொடவிடாமல் வைத்திருந்தது அவள்தான். மூக்கு ஒழுகியது, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்திருந்தது.

சனிக்கிழமை. கடை பன்னிரண்டுக்கு மூடினால் திங்களன்றுதான் திறக்கும். மணி பதினொன்று இருபது. திங்கள்வரை லைல் தாங்க மாட்டான். மாலைக்குள் எவனிடமாவது எதையாவது வாங்கிவிடுவான். அதில் எது கலந்திருக்கும் என்று விற்பவனுக்கே தெரியாது.

"ஹாஸ்கெல் ஐயா," என்றான் லைல் பல்லைக் கடித்துக்கொண்டு. "இவ பேப்பரப் பாத்து எழுதுன பரீட்சை எல்லாத்துலயும் நான் பாஸ். நம்பிக் கொடுங்க."

"நீ சும்மா இருடா," என்றாள் கெண்ட்ரா.

"எனக்கு லைசென்ஸ் போயிடும்மா," என்றார் ஹாஸ்கெல். "வாஷிங்டன் கடிதத்தக் காட்டு. இந்த நிமிஷமே தர்றேன்."

அங்கேதான் இடித்தது. கடிதம் அவள் அம்மா வீட்டுச் சுவரில், மான் தலைக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள். பட்டச் சான்றிதழுக்கு அடுத்த ஆணி அதற்கு.

"இவன் இங்கயே இருக்கட்டும். நீங்க கண்ணால பாத்துக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள். "வாந்தி எடுத்தா வாளி பிடிங்க!"

மலைப்பாதை முழுக்க ஒரு கரி லாரி முன்னால் ஊர்ந்தது. அவள் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வீட்டுக்குள் புயலாக நுழைந்து சட்டத்தைப் பிடுங்கினாள்.

"அடியே, கண்ணாடி ஒடஞ்சிடப் போகுது!"

"ஒடைஞ்சா ஒடையட்டும்மா! லைல் ஒடைஞ்சு கெடக்கான்!"

அம்மா சோபாவிலிருந்த போர்வையை உருவி, சட்டத்தைச் சுற்றிக் கையில் கொடுத்தாள். "போ. வேகமாப் போ."

திரும்பி வந்தபோது பன்னிரண்டு ஆறு. 'மூடியிருக்கிறது' என்ற அட்டை கதவில் தொங்கியது. கெண்ட்ரா காலைத் தூக்கி உதைக்கப் போனாள். கதவு தானாகத் திறந்தது. ஹாஸ்கெல் சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளியோடு நின்றார்.

"எங்கம்மா போய்த் தொலைஞ்ச? மூணு தடவ எடுத்துட்டான்!"

சட்டத்தின் கண்ணாடிமேல் விரல் வைத்து, கடிதத்தையும் சீட்டையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். பெயர். எக்ஸ். எண்கள். உள்ளே போய் மருந்தோடு வந்தார்.

கெண்ட்ரா மெல்லிய ஆரஞ்சு நிற மருந்துப் பட்டையை லைலின் நாக்குக்கு அடியில் வைத்தாள். "கரையுற வரைக்கும் பேசக் கூடாது. பத்து நிமிஷம்."

லைல் எஸ்டெப் பத்து நிமிஷம் பேசாமலிருந்ததை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. ஆறாவது நிமிஷத்திலேயே ஹாஸ்கெலுக்குத் தாங்கவில்லை. மறுபடி கடிதத்தைப் படித்தார்.

"முப்பது பேருன்னு போட்டிருக்கே?"

"மொத வருஷம் முப்பது பேருக்கு எழுதலாம்."

"அப்போ எத்தன பேருக்கு மருந்து வரவழைக்கட்டும்?"

"முப்பது பேருக்கும்!" கடையே அதிர்ந்தது. அத்தனை பேரின் பெயரும் அவளுக்குத் தெரியும்.

நாற்காலியில் லைல், வாயை இறுக மூடியபடி, நடுங்கும் ஒற்றை விரலை உயர்த்தினான்.

"என்ன வேணுமாம்?" என்றார் ஹாஸ்கெல்.

"ஒண்ணும் வேணாம்." கெண்ட்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. "ஆமாண்டா, நீதான் மொத ஆளு. விரல எறக்கு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."