பூவரசங் கைப்பிடி

“பூவரசா? அதுல பீப்பி செஞ்சு ஊதலாம். கத்திக்குப் பிடி போடலாமா?”

“எலையிலதான் பீப்பி. கட்டை வேற,” என்றான் கோபிநாத். “புளி கனம், ஒன் கைக்கு ஆகாது. வேம்பு தண்ணி பட்டுப் பட்டு வெடிக்கும். பூவரசு ஈரத்துக்கு அசராது.”

செவந்தி சிரித்து வைத்தாள். பொன்னமராவதியில் அவள் சமைக்கும் மெஸ்ஸில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் வேறு ஆள். மொபெட்டிலிருந்து விழுந்து, கட்டுப் பிரித்த பின்னும் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. கணவன் கோபிநாத்திடம் சரியாகிவிட்டது என்றே சொல்லியிருந்தாள். கத்தி நழுவும்போதெல்லாம் பழைய பிடியைத் திட்டினாள்.

அதை நம்பித்தான் அவன், தான் வேலை பார்க்கும் மரப் பட்டறையிலிருந்து நிழலில் காய்ந்த கட்டையைக் கொண்டுவந்திருந்தான். காலையில் சப்பாத்தி மாவை உருட்டி அவள் கையில் கொடுத்து, “கத்தின்னு நெனச்சு இறுக்கிப் புடி” என்றான். அவன் பென்சில் தேடத் திரும்பிய நேரத்தில், இடது கையால் அந்த இரண்டு விரல்களையும் மாவுக்குள் அழுத்திவிட்டாள். பள்ளங்கள் அழகாக விழுந்தன.

இப்போது அந்தப் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவினான். ஈரத்துணியால் துடைத்தான், மரத்தின் நார் சிலிர்த்து எழுந்தது. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தான். மறுபடி ஈரம், மறுபடி தேய்ப்பு. தன் கன்னத்தில் உரசிப் பார்த்துக்கொண்டான். தான் சொன்ன பொய்யை அவன் இப்படி வழவழவென்று இழைப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“போதுங்க. மொகம் பாக்குற கண்ணாடியா ஆக்கப் போறீங்களா?”

“நாளெல்லாம் புடிக்கப் போற கை. உறுத்தக் கூடாது.”

தேங்காய் எண்ணெய் பூசி நீட்டினான். “புடிச்சுப் பாரு. அப்புறம் அலகைச் சொருகுறேன்.”

மூன்று விரல்கள் தத்தம் பள்ளத்தில் உட்கார்ந்தன. மற்ற இரண்டும் உள்ளே வராமல் நின்றன. பிடி சாய்ந்து தரையில் விழுந்தது.

அவன் குனிந்து எடுக்கவில்லை. மாவைப் பார்த்தான். பிறகு அவள் இடது கையைப் பார்த்தான்.

“மாவு காஞ்சு சுருங்கியிருக்கும்,” என்றாள் அவள்.

“சுருங்கியிருக்கும்,” என்றான். விழுந்த பிடியை எடுத்து ஓரமாக வைத்தான். “இன்னொரு துண்டு இருக்கு. அந்த எடத்துல தடிமனா விட்டா, அரைவாசி மடங்குனாலே புடிச்சுக்கலாம்.”

அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“செவந்தி, எங்கிட்ட மறைக்காம, தானா எம்புட்டு வருதோ அம்புட்டு மட்டும் மடக்கிக் காட்டேன்.”