காது கெட்டது தெரிந்த நாள்

என் வீட்டுக்காரரின் காதைக் கெடுத்தது ஆணி ஆலை. கம்பியை வெட்டி ஆணியாக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்றார். காதில் வைக்கப் பஞ்சுகூடக் கொடுக்காத மகராசன்கள். நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டோம். காது கெட்டது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டுமாம். போன வருஷம் டாக்டர் சொல்லித்தான் தெரியும் என்றோம் நாங்கள். முன்னாலேயே தெரியும், கெடு தாண்டிவிட்டது என்றது ஆலை. தோற்றால் காதுக்கு மெஷின் கிடையாது, நான் எதைச் சொன்னாலும் இவர் தலையாட்டியே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

ஆலை வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. என்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

"அவருக்குக் காது கேக்கலைன்னு உங்களுக்கு எப்போம்மா தெரிஞ்சுது?"

அளந்து பேசச் சொல்லியிருந்தார் எங்கள் வக்கீல். ஆனால் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய கதையை அன்றுவரை ஒருவரும் கேட்டதில்லையே.

"பத்து வருஷமாச்சு. உங்க காது போயிடுச்சுன்னு தினமும் சொல்லிட்டுத்தான் இருந்தேன்" என்று கொட்டிவிட்டேன்.

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வாயைக் கொடுத்து இவர் காதை நானே தொலைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

நீதிபதி அம்மா இவரைப் பார்த்து, "மனைவி சொன்னாங்களா?" என்றார்.

"என்னங்கம்மா?"

பக்கத்தில் வரவழைத்து உரக்கக் கேட்டார்.

"சொல்லியிருப்பாம்மா. ஆலை சத்தத்துல எல்லாருக்கும் கை ஜாடைதான், காது போனதே தெரியல. வீட்டுல இவ வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. வயசாக வயசாகச் சாந்தமாயிட்டா போலன்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்தேன்."

கோர்ட்டே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னது வேறு, தெரிந்தது வேறு, கெடு தாண்டவில்லை என்றார் நீதிபதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நஷ்ட ஈட்டுப் பணத்தில் காதுக்கு மெஷின் மாட்டி வந்த அன்று, அடுப்பைப் பார்த்து நின்றபடி வழக்கம்போல் சத்தமாகப் புலம்பினேன். "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு இந்த மனுஷன்கிட்ட எத்தனை தடவை சொல்றது."

"அப்போ நீ சாந்தமாவே இல்லையா?"

திரும்பினேன். கதவருகில் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷம் திட்டினதெல்லாம் விட்டுப்போச்சே. முதல்லேர்ந்து சொல்லு, கேக்கறேன்."

"அதுக்கெல்லாம் கெடு தாண்டிப் போச்சுங்க" என்றேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாக மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்டது.