கெண்டைக்கால் வலி

றஞ்சனாவின் முழங்காலில் நடந்தது பெரிய சத்திரசிகிச்சை ஒன்றுமில்லை. படிப்பிக்கும் பாடசாலைக்குப் போகும் அவசரத்தில் பஸ் படியில் வழுக்கியவளுக்கு மூட்டுக்குள் சவ்வு கிழிந்துவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் சின்னத் துளை போட்டுச் சரிசெய்து, மறுநாளே குண்டசாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வீட்டை போய்ப் படுத்தே கிடக்கக் கூடாது. மெல்ல மெல்ல நடக்கவேணும்" என்று டொக்டர் அம்பிகைபாகன் சொல்லித்தான் விட்டார்.

வீட்டில் முதல்முறை ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தபோது முழங்காலுக்குள் ஏதோ 'டக்' என்றது. தைத்த இடம் பிரிந்துவிட்டது, திரும்பவும் கத்தி வைக்கப் போகிறார்கள் என்று அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. அதற்குப் பிறகு கழிவறைக்குப் போவதைத் தவிரக் கட்டிலை விட்டு அவள் இறங்கவில்லை. அதையும் சுவரைப் பிடித்து, ஒற்றைக்காலில் தத்தித்தான் போனாள்.

கம்பளையில் வேலை முடிந்து வரும் கணவன் ரிஷிகேசன், "இண்டைக்கு நடந்தனீரோ?" என்று கேட்பான்.

"ஓம், கேற் வரைக்கும் நடந்துபோட்டு வந்தனான்" என்பாள். அவன் சந்தோஷப்படுவான். அவளுக்கு நெஞ்சு குறுகுறுக்கும்.

ஒரு மத்தியானம் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதுபோல் வலித்தது. போர்வையை விலக்கிப் பார்த்தாள். கால் வீங்கிச் சிவந்து கிடந்தது. தொட்டால் சுட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரத்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறிச் செத்துப்போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. மூச்சைக் கூடப் பலமாக இழுக்கப் பயந்து அசையாமல் கிடந்தாள். ரிஷிகேசனுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு றம்ஸியாவுக்கு அடித்தாள்.

கை ஈரத்தைத் துடைத்தபடியே ஓடிவந்த றம்ஸியா காலைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனாள். "யா அல்லாஹ்! டீச்சர், இவ்வளவு வீங்கும் வரைக்கும் ஏன் ஒண்டும் செல்லல்ல?" என்றபடியே முச்சக்கர வண்டியை வரச்சொன்னாள்.

ஒழுங்கை குறுகல். வண்டி வீட்டடிக்கு வராது.

"என்னால ஏலாது றம்ஸியா. காலை ஊண்டினா மூட்டு பிரிஞ்சிரும்."

"பிரிஞ்சா தச்சுக்கலாம். உசிரு போனா என்ன செய்யிற? என்னப் புடிங்க."

றஞ்சனா அவள் தோளைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை ஊன்றினாள். வலித்தது. ஆனால் எதுவும் பிரியவில்லை. தெருவரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தது. நல்ல வேளை, மேலே ஏறவில்லை. டொக்டர் முழங்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"மூட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா, நடந்தீங்களா?"

றம்ஸியா போனில் சொல்லி, அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்த ரிஷிகேசன் முந்திக்கொண்டான். "ஒவ்வொரு நாளும் நடந்தவ, டொக்டர்."

"இல்லையப்பா," என்றாள் றஞ்சனா, கணவனைப் பார்த்து. "நான் நடக்கவே இல்லை. பயமாக் கிடந்தது. உங்களுக்குப் பொய் சொன்னனான்."

ரிஷிகேசன் ஏசவில்லை. கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வயிற்றில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்துச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பின்னேரங்களில் றம்ஸியாவோடு ஒழுங்கையில் நடக்கிறாள். பயம் முழுதாகப் போய்விடவில்லை. நடுவழியில் நின்று குனிந்து கெண்டைக்காலைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு இல்லையென்று தெரிந்த பிறகுதான் அடுத்த அடியை வைப்பாள்.