மணி அடிக்காத நேரம்

தோட்டத்தை நடத்தும் துரையின் மேசைக்கு முன்னால் நின்று கிருஷாந்தி விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதிரையின் நுனியில் அழகுமுத்து உட்கார்ந்திருந்தான். போன மாதம் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது கைபட்டுக் குளவிக்கூடு கலைந்து, கொட்டுப்பட்டுச் செத்துப்போனவள் அவன் மனைவி ஜீவராணி. கவனயீனம் என்று தோட்டத்து ஆபீஸில் எழுதிவிட்டால் நட்டஈடு கிடைக்காது. அதைவிட, அம்மா தன் தப்பால் செத்தாள் என்பதைப் பிள்ளைகள் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொழிலாளர் லயத்து வீடுகளில் உளவியல் படிக்கிறவள் கிருஷாந்தி ஒருத்திதான். "மனசு ஓடுறது குத்தமில்லேன்னு நீ எடுத்துச் சொன்னா தொர கேப்பாரு தாயி" என்று அவன்தான் கூட்டிவந்திருந்தான்.

அவளுக்கும் சொல்ல ஆசையாக இருந்தது. கையிலிருக்கும் வேலையை விட்டு, மனம் தனக்குள்ளே பிறந்த நினைவின் பின்னால் போய்விடுவதைத்தான் மன அலைவு என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் எதிர்பாராத நேரத்தில் மணி அடித்து, அதற்குச் சற்று முன் மனம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். கேம்பஸ் ஆய்வுக்காக அவளும் போனில் மணி வைத்து, இதே மலையில் பறிக்கும் பெண்களிடம் கேட்டிருந்தாள். சிலவேளை நாமே விரும்பி மனதை விடுகிறோம். சிலவேளை அது போனது, திரும்பி வந்த பிறகுதான் தெரிகிறது. கை பழகிய வேலையில் அலைவு அதிகம். கை தன்பாட்டில் பறிக்கும்போது மனம் சும்மா இருக்காது.

"எல்லாருக்கும் அப்பிடித்தான் சேர். இப்ப நான் பேசுறப்பவே உங்க மனசு எங்கயாவது போய் வந்திருக்கும்."

துரை சிரித்தார். "உண்மைதான். மகளோட டியூஷன் கிளாஸ்ல நின்னுச்சு." பேனாவை எடுத்தார். "ஜீவராணிகிட்டயும் கேட்டிருக்கீங்களா?"

"ஆமா சேர். மணி அடிச்சப்பல்லாம் அவங்க மனசு பெரும்பாலும் வீட்லதான்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்தப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அன்னைக்கும் கவனம் வேலையில இல்ல."

"அப்பிடிச் சொல்ல முடியாது சேர். மணி அடிக்காத நேரத்தப் பத்தி யாருக்குமே தெரியாது."

"நல்லா வெளங்கப்படுத்துனீங்க" என்று துரை ஃபைலை மூடினார்.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். அழகுமுத்து கோபப்படவில்லை.

"வீட்டுல என்னத்த நெனச்சாளாம்?"

"சின்னவளுக்குச் சப்பாத்து கிழிஞ்சிருச்சுன்னு ஒருநா சொன்னாங்க. இன்னொரு நா, நீங்க சாப்புட்டீங்களோ என்னமோன்னு."

"ஏங்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல" என்றான். பிறகு, குறையாக அல்லாமல், மெதுவாகச் சொன்னான்: "புல்லு வெட்டாம மலை காடாக் கெடக்கு. கண்ண முழிச்சுப் பாத்திருந்தாலும் கூடு தெரிஞ்சிருக்காது. அதச் சொல்லியிருக்கலாம் தாயி."

அவள் நின்று திரும்பினாள். துரையின் ஜீப் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மேல் மலையில் பெண்கள் நிரை பிடித்திருந்தார்கள். புல் அவர்கள் இடுப்பு வரை நின்றது. ஒவ்வொரு கையும் முழங்கை வரைக்கும் உள்ளே மறைந்து, கொழுந்தோடு வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.