காலி டப்பா

மருந்து இழுப்பறையை மகள் நான்காவது முறையாகச் சமையலறை மேடையில் கவிழ்த்துக் கொட்டினாள். தலைவலி மாத்திரை, இருமல் மருந்து, பிதுக்கித் தீர்ந்த களிம்புக் குழாய். நடுவில் அந்த மஞ்சள் டப்பா. இந்த முறையும் அது காலியாகத்தான் இருந்தது.

"ஊசி இதுக்குள்ளதான் இருக்குமா?" என்றார் விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர். குரலை உயர்த்தாமல் கேட்கிறவர். அதனாலேயே பயமாக இருந்தது.

"ஆமா மேடம். பேனா மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அலர்ஜி. குளவியோ தேனீயோ கொட்டினா உடனே தொடையில குத்திக்கணும்."

நேற்றுக் காலை தோட்டத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் கழுத்தில் குளவி கொட்டியது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா இழுப்பறைக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. அது இரண்டு நிமிடம் தாமதம் என்றார்கள்.

"டப்பாவை எடுக்கப் போனப்ப ஏதாவது சொன்னாரா?" இன்ஸ்பெக்டர் இப்போது அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"தலையை ஆட்டினாரு. 'அதுல இல்ல'ன்னாரு. அதுக்கப்புறம் பேச வரல." அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

இல்லை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இந்த இழுப்பறையைச் சுத்தம் செய்து, காலாவதியானதையெல்லாம் குப்பையில் போட்டவள் அவள்தான். மஞ்சள் டப்பாவைத் தொடவில்லை என்று நேற்று முழுக்கத் தனக்கே சத்தியம் செய்து பார்த்தாள். சொல்லச் சொல்ல, தொட்டது போலவே இருந்தது.

பெரிய கேட்டுகளும் வாசலுக்கு வாசல் கேமராவும் வைத்த தெரு அது. விடிவதற்குள் தெரு வாட்ஸப் குழுவில் மூன்று கொலைகாரர்கள் தயாராகிவிட்டார்கள். தோட்டக்காரர், மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். அதிக ஆதரவு டாக்டருக்குத்தான். அப்பா அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர் வைத்திருந்தார். டாக்டர் வீட்டு வேலிச்செடி ஒன்பது அங்குலம் தாண்டி வந்ததில் தொடங்கிய சண்டை. பதினோரு வருடம், இரண்டு வழக்கு. அப்பா ரிட்டையரான இன்ஜினியர் ஆயிற்றே, தினமும் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

எதிர் வீட்டம்மா துக்கம் கேட்க வந்தவர், சேதியோடு வந்திருந்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் நானே பாத்தேன் மேடம். இவரு அந்த டாக்டர் வீட்டுக்குள்ள ஓடினாரு. கால்மணி நேரம் கழிச்சு வெளிய வந்தாரு, சட்டையெல்லாம் கசங்கிப்போய். உள்ள பெரிய அடிதடி போல."

இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவன்தான். எனக்கு அப்பவே தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"தெரியும்னா தெரியும்!"

மகள் செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். பின்னால் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

மணியடிப்பதற்குள் கதவு திறந்தது. டாக்டர் முகம் மழிக்காமல், வெளியே போகிற சட்டையோடு நின்றார். கிளம்பி வெகுநேரமாகியும் கிளம்பாதவர் போல.

"அங்கிள், புதன்கிழமை எங்கப்பா எதுக்கு இங்க வந்தாரு?"

அவர் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"பேத்தி வந்திருந்தா. பக்கத்துல யாரோ குடுத்த பிஸ்கட்ல கடலை இருந்திருக்கு. முகமெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம... பல் டாக்டர்தானேம்மா நான்? கைகால் ஓடல. கத்தினேன். உங்கப்பா வேலிக்கு மேல எட்டிப் பாத்தாரு. அடுத்த நிமிஷம் ஊசியோட உள்ள நிக்கிறாரு. அவரே குத்தினாரு. குழந்தையை மடியில வச்சுக்கிட்டு, டாக்ஸி வர்ற வரைக்கும் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாரு."

அவருக்குப் பின்னால் வந்து நின்ற குழந்தையை மகள் பார்த்தாள்.

"போகும்போது மிரட்டிட்டுப் போனாரு. 'உங்க வாசப்படி மிதிச்சேன்னு எங்கயாவது சொன்னீங்க, மூணாவது கேஸ் போட்ருவேன்'னு. புது ஊசி நானே வாங்கித் தரேன்னு கெஞ்சினேன். கடையில இருப்பு இல்ல, சனிக்கிழமைதான் வரும்னாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பதாம்மா போன் வந்தது. வந்துடுச்சாம். நேத்துலேர்ந்து உங்க வீட்டுக்கு வரணும்னு நிக்கிறேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

யாரிடம் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபப்பட ஆள் தேடித்தான் இங்கே வந்திருந்தாள். அந்த ஆள் இப்போது அவள் முன்னால் அழுதுகொண்டிருந்தார். அப்பாமீது கோபப்படலாம். அம்மாவிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலி டப்பாவைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இரண்டு நாள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்.

"வாங்க அங்கிள்," என்றாள். "எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தனியாக விட்டுவர வீட்டில் வேறு யாரும் இல்லை. கூடத்தில் நின்றபடியே முழுவதையும் சொன்னார். எதிர் வீட்டம்மா பாதியிலேயே கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, புதன்கிழமை குழந்தையைச் சேர்த்ததை உறுதிசெய்துகொண்டு நோட்டை மூடினார்.

அம்மா மட்டும் புரியாதவள் போலவே பார்த்தாள்.

"அவரா? ஓடினாரா?"

"ஆமாங்க."

"முட்டி வலிக்குதுன்னு அவரு மாடிக்கே ஏற மாட்டாரே..."

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மணிக்கு அப்பாவைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று மகள் மெல்ல ஞாபகப்படுத்தினாள். அம்மா தலையசைத்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

குழந்தை தாத்தாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது.

அம்மா சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தாள். அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். சரியாக வரவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டாள்.