அதிரும் பெட்டி

ஜெனரேட்டர் மெக்கானிக்குக் காது மந்தம் என்பது அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கே தெரியாது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அம்மாள் முப்பது வருஷமாக நூலகத்தில் வேலை பார்ப்பவர். குசுகுசுவென்று பேசியே பழகிப்போன தொண்டை. அவர் எது சொன்னாலும் மெக்கானிக், "வாயத் திறந்து பேசேன், இது என்ன லைப்ரரியா?" என்று பாய்வார். குறை தன் தொண்டையில்தான் என்று அந்த அம்மாளும் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு பொய்க்கு இத்தனை தோதான துணை எல்லோருக்கும் வாய்க்காது.

ஆளுயர எஞ்சின்களுக்கு நடுவே நின்று நின்று கெட்ட காது அது. ஒரேயடியாகக் கெடவில்லை. முதலில் கொசு போனது, பிறகு தூறல், பிறகு அழைப்பு மணி. உலகத்தைப் பஞ்சில் பொதிந்து வைத்தாற்போல் ஆகிவிட்டது. மெக்கானிக்குக்கு அதுவும் ஒருவகையில் சுகமாகத்தான் இருந்தது. பாதித் தூக்கத்தில் மிதப்பதைப் போல மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார், மகளின் படம் வரும்வரை.

மகளுக்குச் சினிமாவில் வேலை. நடிகை அல்ல. திரையில் யாராவது நடந்தால், இருட்டு ஸ்டுடியோவில் அதற்கேற்ற செருப்பை மாட்டிக்கொண்டு, மரத்திலும் சரளையிலும் தானே நடந்து, அந்தக் காலடிச் சத்தத்தைப் பதிவு செய்து கொடுப்பவள். அவள் தனியாகச் செய்த முதல் படத்தில், வசனமும் இசையும் இல்லாமல் ஒரு பெண் காலி வீட்டுக்குள் பதினொரு நிமிஷம் நடந்துகொண்டே இருப்பாள். "அந்தப் பதினொரு நிமிஷமும் நான்தாம்ப்பா" என்று மகள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். மெக்கானிக் தியேட்டருக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பெண் தரையில் கால் படாதவளைப் போல அறை அறையாக மிதந்தாள். ஒரு சத்தமும் இல்லை. மகள் போன் பண்ணிக் கேட்டதும், "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்ப்பா. சேந்து உக்காந்து பாக்கலாம். எந்த இடத்துல நல்லா நடந்திருக்கேன்னு நீங்கதான் சொல்லணும்."

எஞ்சின் கோளாறை எட்ட நின்றே கண்டுபிடிக்கும் அப்பாவின் காதுதான் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே உசத்தி. அந்தக் காதைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே போனாள். அதனால் மெக்கானிக் தன்னைத் தானே நன்றாக ஏமாற்றிக்கொண்டார். கோளாறு தியேட்டர் ஸ்பீக்கரில்தான். நல்ல ஸ்பீக்கரும் நல்ல ஆம்ப்ளிஃபையரும் வாங்கி, மாடியில் மகள் படித்த அறையைத் தியேட்டராக மாற்றிவிட்டால் எல்லாம் கேட்டுவிடும்.

அறையைக் காலி செய்த மத்தியானம், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டுவிட்டு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இடப்பக்கச் சுவரிலிருந்து மகள் நடந்து வந்தாள், பின்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள், நின்றாள், திரும்பினாள். எந்த ஸ்பீக்கரும் இல்லாமலேயே எல்லாம் துல்லியமாகக் கேட்டது. மனைவி வந்து தோளைத் தொட்டபோதுதான் சாயங்காலம் ஆகிவிட்டது தெரிந்தது.

மறுநாள் இருவரும் ஸ்பீக்கர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ரொம்பப் பேசுகிற மனுஷர். நல்ல வேளை, உரக்கவும் பேசினார். "இந்த ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரைப் பிழிஞ்சு எடுத்துடும் சார். சின்ன ஆம்ப்ளிஃபையர் தாங்காது."

"லோடு ஜாஸ்தின்னு சொல்றீங்க. நூறு கிலோவாட் மெஷினை எண்பதுக்கு மேல ஓட்டக் கூடாது. கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கணும்."

கடைக்காரர் வாயைப் பிளந்தார். ஆம்ப்ளிஃபையரை ஐந்தே நிமிஷத்தில் தேர்ந்தெடுத்தாயிற்று. மெக்கானிக் அதைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கனம் சரியாக இருக்கிறதென்றார், முடிந்தது கதை. கடைக்காரருக்கு அவர்மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது.

ஸ்பீக்கரில்தான் வண்டி நின்றது. கடையின் உள்ளறையில் இருப்பதிலேயே உசத்தியான ஜோடியைக் கடைக்காரர் காட்டினார். கருங்கல் மாதிரி கனம், தட்டினால் தட்டிய சத்தம்கூட வராத பெட்டி. வெடிகுண்டு, புயல், குதிரைப்படை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டக் கிளம்பினார். மெக்கானிக் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம். செருப்புச் சத்தம் கேக்கணும், அவ்வளவுதான்."

மகள் அனுப்பியிருந்த படத்தைக் கொடுத்தார். அந்தப் பதினொரு நிமிஷம் ஓடத் தொடங்கியது. மனைவி சிலிர்த்துப்போய், "ஏங்க, நம்ம பின்னாடியே யாரோ நடக்கற மாதிரி இல்ல?" என்று அவர் கையைப் பிடித்தார். மெக்கானிக்குக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூட்டச் சொன்னார். இன்னும் கூட்டச் சொன்னார். அறைக் கண்ணாடி நடுங்கியது, மனைவி காதைப் பொத்தினார், திரையில் அந்தப் பெண் சத்தமில்லாமல் மிதந்துகொண்டே இருந்தாள். இரண்டாவது ஜோடியும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. அப்போது அவருக்குப் பயம் வந்தது. ஸ்பீக்கரில் கோளாறு இல்லை என்பது கடைசியாக, வேறு வழியில்லாமல், புரிந்துவிட்டது.

வெளியே போகத் திரும்பியவர், மூலையில் அதே காட்சி ஓடிக்கொண்டிருந்த நாலாவது ஜோடியின்மேல் கையை ஊன்றினார்.

டொக்.

உள்ளங்கைக்குள் யாரோ கால் வைத்தார்கள். மெக்கானிக் மூச்சை அடக்கினார். மறுபடி டொக். உள்ளங்கையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து மணிக்கட்டுக்கு, அவசரமே இல்லாமல் ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். அறையும் கடையும் கடைக்காரரும் எங்கோ விலகிப் போனார்கள். அவர் அப்படியே நின்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

"இதைக் கட்டிக் குடுங்க."

"சார், அது மட்டம் சார்! தொட்டுப் பாருங்க, பெட்டி எப்படி அதிருது? அதிர்ந்தா சத்தம் கலங்கிடும். நல்ல பெட்டின்னா செத்த பிணம் மாதிரி கிடக்கணும்."

"எனக்கு உசிரோட இருக்கறதுதான் வேணும்."

"ஆம்ப்ளிஃபையரை அவ்வளவு விவரமா எடுத்துட்டு…" கடைக்காரரின் பக்தி அந்த இடத்திலேயே தீர்ந்தது. மனைவி ஏதோ குசுகுசுத்தார். வழக்கம்போல மெக்கானிக் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடி, அறையைச் சுற்றிப் பார்த்து, ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "அப்பாவா கொக்கா!" என்றாள். விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டார்கள். மெக்கானிக் தன் நாற்காலியை இடப்பக்க ஸ்பீக்கருக்கு ஒட்டிப் போட்டிருந்தார். கையைத் தற்செயலாக வைத்ததுபோல அதன்மேல் வைத்துக்கொண்டார்.

பதினொரு நிமிஷக் காட்சி வந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மகள் எழுந்து வந்தாள். தொழில் பழகிய காது, விடுமா? ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாருப்பா இதை உங்க தலையில கட்டினது? பெட்டி இப்படி அதிருதே! உங்க காதுக்கு இதுகூடவா தெரி…"

பாதியில் நிறுத்தினாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். விரல்கள் விரிந்து பெட்டியோடு ஒட்டிக் கிடந்தன.

"அப்பா," அவர் முகத்துக்கு நேரே குனிந்து, உரக்கச் சொன்னாள், "கையை எடுங்க."

எடுத்தார்.

"இப்ப என்ன கேக்குது?"

மெக்கானிக் திரையைப் பார்த்தார். மிதக்கும் பெண்ணைப் பார்த்தார். இன்னொரு பிரமாதம் நாக்கு நுனிவரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"ஒண்ணும் கேக்கலம்மா. அன்னைக்குத் தியேட்டர்லயும் கேக்கல. பொய் சொல்லிட்டேன்."

வாசலில் நின்ற மனைவி, "எத்தனை வருஷமா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. எஞ்சின் ரூமிலிருந்து வெளியே வந்த மாதிரி இலேசாகவும் இருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையை எடுத்துப் பழையபடி ஸ்பீக்கர்மேல் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினாள்.

"சரி. இப்ப நிஜத்தைச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு அடிகள் உள்ளங்கையைக் கடந்து போயின.

"இடது கால் ஒரு பொடி லேட்டா விழுது" என்றார்.

மகள் திக்கென்று நிமிர்ந்தாள். "அதை மறைக்கத்தாம்ப்பா நாப்பது தடவை நடந்தேன்! டைரக்டர் கண்டுபிடிக்கல, மிக்சிங்ல ஒருத்தரும் கண்டுபிடிக்கல…"

"நீ நடக்கப் பழகின நாள்லேருந்து அப்படித்தான். அதுலதாம்மா தெரிஞ்சுது, கடையிலேயே தெரிஞ்சுது, எம் பொண்ணு நடக்கறான்னு."

மகள் தரையில் உட்கார்ந்து, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். நாளைக்குக் காது டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்றாள். அவர் சரியென்று தலையாட்டினார். திரையில் அந்தப் பெண் மாடிப்படி ஏறத் தொடங்கினாள். மெக்கானிக் ஒவ்வொரு படியாக வாய்விட்டு எண்ணினார்.